கிணற்றில் விட்ட நாடா

பாதாளச் சாக்கடை வேலையில் குழி வெட்டுகிறவரை எல்லோரும் நேராகத் திட்டுவார்கள். பக்கத்துக் கிணறுகளை அளக்கப் போகிற என்னைக் காபி கொடுத்துவிட்டுத் திட்டுவார்கள். இந்த வேலை பார்த்தவர்களுக்கு அந்தக் காபியின் ருசி தெரியும்.

முதல் அளவு

தொண்ணூறுகளில், கோவையில் ஒரு தெரு. குழி வெட்டினால் பக்கத்துக் கிணறு வற்றலாம் என்பதால், அதற்கு முன் வீட்டுக் கிணறுகளில் அளவு நாடாவை இறக்கி, எத்தனை அடியில் தண்ணீர் என்று குறித்துக்கொண்டே போனேன். கடைசி வீட்டில் சரஸ்வதி அக்கா தனியாக இருந்தார். வீட்டுக்காரர் மஸ்கட்டில் மெக்கானிக். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார். வந்ததும் பெட்டியைக்கூடத் திறக்காமல் கிணற்றடியில் நின்று நாலு வாளி ஊற்றிக்கொள்வாராம். அடுத்த மாதம் வருகிறார்.

"பதினெட்டு அடிங்கக்கா" என்றேன்.

"அடியெல்லாம் நீங்களே வெச்சுக்குங்க தம்பி. அவரு வாரப்போ தண்ணி இருக்குமான்னு மட்டும் சொல்லுங்க."

மோட்டார்

குழிக்குள் ஊற்று எடுத்தது. காண்ட்ராக்டர் இரண்டு மோட்டார் போட்டு ஓயாமல் இறைத்தார். மூன்றாம் நாள் அக்கா கிணற்றில் என் நாடா அடிப்பாறையைத் தொட்டது. வாளியில் சேறுதான் வந்தது. அக்கா வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனார், திட்டியிருந்தால் தேவலை.

நோட்டை எடுத்துக்கொண்டு இன்ஜினியரிடம் ஓடினேன். தெருவை மொத்தமாகத் திறக்க வேண்டாம், இரண்டிரண்டு குழாயாகப் பதித்து, இணைப்பைப் பூசி, தண்ணீர் நிரப்பிக் கசிவு பார்த்து, மூடிவிட்டு நகரலாம், இறைப்பதும் குறையும் என்று கெஞ்சினேன். அவர் சரி என்றார். வேலை இழுக்கும் என்று காண்ட்ராக்டர்தான் குதித்தார். அன்னூர்க்கார மேஸ்திரி கடப்பாரையை ஊன்றிக்கொண்டு அவரிடம் சொன்னார்:

"எங்கூர்ல கெணறு வத்துனா ஊட்டையே காலி பண்ணிப் போட்டுப் போயிருவாங்க. மெதுவாவே வெட்டிக்கறோமுங்க."

ஊறிய தண்ணீர்

அக்கா வீட்டைத் தாண்டிக் குழியை மூடியதும் மோட்டார் நின்றது. தினமும் காலையில் நாடாவை இறக்கினேன். ஒரு நாள் அரை அடி ஏறியிருக்கும், ஒரு நாள் ஓரடி. அக்கா பக்கத்தில் நின்று எட்டிப் பார்ப்பார். பிரசவத்துக்குக் காரமடை போயிருந்த என் மனைவியின் ஞாபகம் வந்துவிடும். அவசரமாக எண்ணை எழுதிவிட்டுக் கிளம்பிவிடுவேன்.

பாட்டிலில் பிடித்துச் சோதனைக்குக் கொடுத்த தண்ணீரில் ஒரு கலப்பும் இல்லை என்று தாள் வந்தது. அதை எடுத்துக்கொண்டு சைக்கிளில் பறந்தேன். அக்கா கிணற்றடியில் காலி வாளியோடு நின்றிருந்தார். தாளை வாங்கி மடித்து, ஏற்கெனவே கையில் இருந்த விமானக் கடிதத்துக்குள் வைத்தார்.

"இந்த வருசம் லீவு இல்லைன்னு எழுதிட்டாருங்க. தண்ணி நெறையாக் கெடக்குது தம்பி, நீங்களாச்சும் மோந்து மூஞ்சி கழுவிட்டுப் போங்க."

தண்ணீர் திரும்பி வந்ததை எழுத என் நோட்டில் கட்டம் போட்டிருந்தார்கள். ஆள் திரும்பி வருவதற்குக் கட்டம் போட எந்த இலாகாவுக்கும் தோன்றவில்லை.