வைஃபை உள்ள கடையில் அப்பாவுக்கு ஒரு நாற்காலி

அம்மா இறந்த பிறகு அப்பாவோடு இருப்பதற்காக நெய்வேலிக்கு வந்தேன். சென்னையில் நான் வேலை பார்த்த நிறுவனம் வீட்டிலிருந்தே வேலை செய்யச் சம்மதித்தது. ஒரே நிபந்தனை, இணையம் அறுந்துபோகக் கூடாது. மருத்துவமனைகளில் பில் போடுகிற மென்பொருள் எங்களுடையது. எங்காவது அது நின்றுபோனால், அவர்களுடைய திரையை என் லேப்டாப்பில் பார்த்துப் பேசிக்கொண்டே நான் சரிசெய்ய வேண்டும். கவுன்டரில் நிற்கும் நோயாளிகளின் உறவினர்கள் கத்துவது என் காதுவரை வரும். நடுவில் தொடர்பு போனால் அந்தக் கத்தல் முழுவதும் என் தலையில்தான் விழும்.

அப்பா சுரங்கத்தில் மண் வெட்டும் பெரிய எந்திரத்தை ஓட்டியவர். ஓய்வு பெற்றதும் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, வடக்குத்து கிராமத்துப் பக்கம் கட்டிய சொந்த வீட்டுக்கு அவரும் அம்மாவும் குடிவந்தார்கள். வீட்டில் குறை இல்லை. ஆனால் தெருமுனையில் சாலையை அகலப்படுத்துகிற வேலை முடியாமலே கிடந்தது. பள்ளம் தோண்டும்போதெல்லாம் கேபிள் அறுந்தது. லைன்மேன் வந்து ஒட்டிவிட்டுப் போவார். அடுத்த வாரம் இன்னொரு இடத்தில் தோண்டுவார்கள். செல்போன் சிக்னல் மொட்டைமாடியில் தண்ணீர்த்தொட்டியின் ஓரத்தில் மட்டும் கிடைத்தது. அங்கே குடை பிடித்துக்கொண்டு, மடியில் லேப்டாப் சுட, ஒரு மருத்துவமனை கேஷியரிடம் "அந்தப் பச்சை பட்டனை அழுத்துங்க" என்று மன்றாடியிருக்கிறேன்.

"பக்கத்துல ஏதாவது கஃபேக்குப் போய் உட்காருங்களேன்" என்றார் என் மேலாளர். நல்ல மனிதர்தான். அவருக்கு எங்கள் ஊர் தெரியாது. இங்கே டீக்கடை உண்டு, கேன்டீன் உண்டு, பேக்கரி உண்டு. எல்லாம் குடித்துவிட்டுக் கிளம்புகிற இடங்கள். ஷிப்டுக்குப் போகிறவரும் ஷிப்ட் முடிந்து வருகிறவரும் நின்றுகொண்டே டீ குடிக்கும் ஊரில், ஒரு மேசையைப் பிடித்துக்கொண்டு பகலெல்லாம் உட்கார்ந்திருக்கும் பெண்ணை என்னவென்று நினைப்பார்கள்?

முதல் நாள் அப்பாவை வீட்டில் விட்டு, கேட்டைப் பூட்டிவிட்டு நான் மட்டும் கடை பார்க்கப் போனேன். திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டு அக்கா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். அப்பா சுவரேறிக் குதித்து, சாலைக்காகத் தோண்டிய பள்ளத்துக்குள் இறங்கி, மண் அள்ளும் வண்டியின் டிரைவருக்கு எப்படி வெட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறார். அவன் வண்டியை நிறுத்திவிட்டுக் கூச்சல் போட்டதால் பிழைத்தார்.

"உங்க அம்மா இருந்தப்பவே இப்பிடித்தான் பாப்பா. அவங்க யார்கிட்டயும் சொல்லிக்கல" என்றார் அக்கா.

எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தொலைபேசியில் அப்பா பேச்சை நிறுத்தும்போதெல்லாம் அம்மா வாங்கிப் பேசியதற்கும், அவர் விட்ட சொற்களை அவளே பின்னாலிருந்து எடுத்துக்கொடுத்ததற்கும் அர்த்தம் புரிந்தது. அதன் பிறகு தேட வேண்டியது இரண்டாயிற்று. இணையம் இருக்க வேண்டும். அப்பாவையும் உட்காரவிட வேண்டும்.

வடலூரில் ஒரு லாட்ஜுக்குக் கீழே ஏசி ஹோட்டல் இருந்தது. இணையம் அருமை. மூலையில் ப்ளக் பாயின்ட்டும் இருந்தது. அப்பாவை ஸ்கூட்டரின் பின்னால் உட்காரவைத்து, என் இடுப்பைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி அழைத்துப் போனேன். அவர் அந்த ஹோட்டலைக் கேன்டீன் என்று நினைத்தார். சப்ளையரைக் கூப்பிட்டு, "டோக்கன் எங்கப்பா குடுக்கிறாங்க?" என்று கேட்டார். சப்ளையர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு, பக்கத்து மேசைக்காரர்களிடம் போய் அப்பா "நீங்க எந்த மைன்ஸு?" என்று விசாரித்தபோது சிரிப்பது குறைந்தது. ஒருநாள் நான் ஹெட்போனோடு ஒரு மருத்துவமனைக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தேன். அப்பா உட்கார்ந்திருந்த மெத்தை நாற்காலியிலிருந்து தரையில் சொட்டியது. அவர் ஒன்றும் தெரியாதவர்போல எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நானே துடைத்தேன். சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. ஃபேமிலிங்க வர்ற எடம்."

நாங்களும் ஃபேமிலிதானே என்று சொல்ல நினைத்தேன். அப்பாவின் வேட்டிமேல் என் துப்பட்டாவைச் சுற்றி, வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் காற்றில் அவருக்குக் குளிர்ந்திருக்க வேண்டும். என் முதுகோடு ஒட்டிக்கொண்டே வந்தார்.

கடலூரில் கடற்கரைச் சாலையில் இதற்கென்றே கஃபேக்கள் இருப்பதாகச் சொன்னார்கள். அவ்வளவு தூரம் அவரைக் கூட்டிப்போய்வர என்னால் ஆகவில்லை.

கடைசியில் இடம் கிடைத்தது டவுன்ஷிப் பஜாரிலேயேதான். ஒரு பேக்கரி. நடத்துகிற பாய்க்குப் பண்ருட்டிப் பக்கம். மகளின் ஆன்லைன் வகுப்புக்காகக் கடைக்கு நல்ல இணைப்பு போட்டிருந்தார். அவள் கல்லூரிக்குப் போன பிறகும் அதை எடுக்கவில்லை. வடலூர்ப் பாடத்துக்குப் பிறகு நான் முதலிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அப்பாவுக்கு ஞாபகம் தப்பும், சில நேரம் அடக்க முடியாது, டயப்பர் போட்டுத்தான் கூட்டி வருவேன் என்று.

பாய் கல்லாவிலிருந்து எழுந்து அப்பாவைப் பார்த்தார். "வாங்கண்ணே" என்று கையைப் பிடித்து உட்காரவைத்தார். பிறகு என்னிடம், "கரன்ட் போனாலும் இன்வெர்ட்டர்ல நெட்டு ஓடும் தங்கச்சி. நீ உன் வேலையப் பாரு" என்றார்.

நான் உள்பக்க மேசையில் உட்கார்ந்தேன். அப்பா சாலையைப் பார்த்த நாற்காலியில். கடைக்கு வருகிறவர்களில் பழைய ஆட்கள் சிலர் அவரை அடையாளம் கண்டு பேசினார்கள். அவருக்குக் கீழே வேலை பார்த்த ஒருவர், இன்னும் சர்வீஸில் இருப்பவர், வரும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணே, நேத்து மண்ணு போற பெல்ட்டு நின்னுபோச்சு. நீங்க இருந்திருந்தா சத்தத்த வச்சே சொல்லியிருப்பீங்க" என்பார். அப்பா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்பார். அன்று வீட்டில் ஒரு கை சோறு கூடுதலாகச் சாப்பிடுவார்.

நான் ஹெட்போனைக் கழற்றும்போது ஒருநாள் கேட்டார்: "உனக்கு எந்த ஷிப்ட் பாப்பா?"

"ஜெனரல் ஷிப்ட்பா."

"அது நல்லது. நைட்டு வாணாம். ஒடம்பு கெட்டுப்பூடும்."

அந்த மாதங்களில் நான் ஓரளவு நன்றாக இருந்தேன். இப்படியே போய்விடும் என்றுகூட நம்பினேன்.

அது ஒரு மதிய நேரம். ஒரு பெரிய மருத்துவமனை எங்கள் மென்பொருளை விட்டுவிடப் போகிறோம் என்று சொல்லியிருந்தது. அவர்களுக்குப் புதிய வசதிகளைக் காட்டி விளக்க வேண்டியது என் பொறுப்பு. மேலாளரும் அவருக்கு மேலே உள்ளவர்களும் திரையில் இருந்தார்கள். பாய் தொழுகைக்குப் போயிருந்தார். கடையில் வேலை செய்த பெண் பன்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் பேசிக்கொண்டே தலையைத் தூக்கினேன். அப்பாவின் நாற்காலி காலியாக இருந்தது.

சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. லேப்டாப்பை மூடினேனா என்பதுகூட நினைவில்லை. ஹெட்போன் கழுத்தில் தொங்கச் சாலைக்கு ஓடினேன். எதிரே வெள்ளரிப்பிஞ்சு விற்ற அம்மா, "பெரியவரா? இப்பத்தான் பஸ்ஸுல ஏறுனாரு. கையக் காட்டி நிறுத்தி, அவரு பாட்டுக்கு ஏறிக்கினாரு" என்றார். இரண்டாம் ஷிப்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ். வேலைக்குப் போகிற கான்ட்ராக்ட் ஆட்களோடு அவரும் போயிருக்கிறார்.

ஸ்கூட்டரை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. சுரங்கத்து வாசலில் அவரை இறக்கிவிட்டிருந்தார்கள். காவலுக்கு இருந்தவர் தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்து, பாட்டிலில் தண்ணீரும் கொடுத்திருந்தார். அப்பா உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டைப் பைகள் எல்லாம் வெளியே இழுத்துவிடப்பட்டிருந்தன. பாஸ் தேடியிருக்கிறார். உள்ளே போகிறவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள்; சிலர் நின்று பார்த்தார்கள்.

என்னைப் பார்த்ததும் அழுதுவிட்டார். அம்மாவுக்குக் கொள்ளி வைத்தபோதுகூட அவர் அழுது நான் பார்க்கவில்லை.

"என்னைய உள்ள வுட மாட்டேங்கிறாங்க பாப்பா. நான் பெர்மனென்ட்டுதான? என்னா தப்பு பண்ணேன்னு கேளேன்."

காவலர் என்னிடம், "நான் ஒண்ணுமே சொல்லலைங்க. பாஸ் இருக்கான்னுதான் கேட்டேன்" என்றார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

அதற்குள் பாய் தேடிக்கொண்டு பைக்கில் வந்துவிட்டார். அப்பாவை எங்கள் இருவருக்கும் நடுவில் வண்டிவரை நடத்தி வந்தோம். என் போன் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. எடுக்கவில்லை.

மறுநாள் மேலாளர் கூப்பிட்டு அப்பாவை விசாரித்தார். நெடுநேரம் பேசினார். கடைசியில், அந்த மருத்துவமனை போய்விட்டது என்றும், நேரலையாகப் பேசுகிற வேலைகளை இனி அலுவலகத்துக்கு வருகிறவர்களுக்கே கொடுப்பதென்று மேலே முடிவாகியிருக்கிறது என்றும் சொன்னார். "யோசிச்சு சொல்லுங்க, அவசரம் இல்ல" என்றார். யோசிக்க என்ன இருந்தது?

அந்த வேலையில் மீதமிருந்த நாட்களுக்குப் பேக்கரிக்கே போனேன். பாய் வரவேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவருக்குப் பயம் வந்துவிட்டது. அப்பாவின் நாற்காலியை உள்ளே இழுத்து, என் மேசையோடு ஒட்டி, சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டிருந்தார். "ரோடு தெரியாம இருந்தா எழுந்து போகமாட்டாரு தங்கச்சி. வேற வழி தெரியல எனக்கு" என்றார். அவர் சொன்னது சரிதான். அப்பா எழுந்து போகவில்லை. பேசவும் இல்லை. அவரோடு வேலை பார்த்தவர் வந்து "அண்ணே" என்றபோது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வந்தவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனார்.

நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். சாலையில் என்னென்னவோ போயின. அப்பா மடியில் இருந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலையை விட்டேன். இப்போது வீட்டிலிருந்தே கல்வி வீடியோக்களுக்குத் தமிழில் சப்டைட்டில் போடும் வேலை செய்கிறேன். பேச வேண்டியதில்லை. முகம் காட்ட வேண்டியதில்லை. கேபிள் இருக்கிறபோது இறக்கிவைத்துக்கொண்டால், இல்லாதபோது செய்யலாம். கூடத்தில் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் மேசை. அவர் பெரும்பாலும் தூங்குகிறார். விழித்திருக்கும்போது நான் தட்டச்சு செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

போன வாரம் மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், எழுந்து உட்கார்ந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். தெரியாதவர்களிடம் பேசுகிற மரியாதையோடு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"உங்க வூடு எங்கங்க?"

"பக்கத்துலதாங்க" என்றேன்.

"மழ வந்துகினு கீது. உங்க வூட்டுல தேடுவாங்க, கெளம்புங்க" என்றார். சொல்லிவிட்டு, எனக்குக் குடை இருக்கிறதா என்று அறையைச் சுற்றிப் பார்த்தார். நான் லேப்டாப்பை மூடிவைத்துவிட்டு எழுந்து அடுக்களைக்குப் போய், அவர் தூங்குகிறவரை அங்கேயே நின்றேன்.