குட்டிமயில் பிளாக் ஆன கதை

போன வாரம் ஒரு ஆன்லைன் கேமிலிருந்து என்னை வெளியே தள்ளிவிட்டார்கள்.

காரணம்: குழந்தைகளிடம் சந்தேகப்படும்படி பேசியது.

(பதற வேண்டாம். முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.)

என் மகள் யாழினி ஐந்தாம் வகுப்பு. அவளும் அடுத்த தெருவில் இருக்கும் வகுப்புத் தோழி ஜெனியும் டேப்லெட்டில் ஒரு கேம் ஆடுகிறார்கள். கட்டை கட்டையாக அடுக்கி வீடு கட்ட வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஊரே கட்டி வைத்திருக்கிறார்கள்.

(கீழ்க்கட்டளையில் எங்களால் அரை கிரவுண்டு வாங்க முடியவில்லை. இவளுக்கு அங்கே கடலைப் பார்த்த மாதிரி மூன்று மாடி.)

சிக்கல் என்னவென்றால், அந்த ஊருக்குள் யார் வேண்டுமானாலும் வரலாம், எல்லோருக்கும் தெரியும்படி சாட்டில் பேசலாம். "யார்கிட்ட பேசுற?" என்று கேட்டால் "ஃப்ரெண்ட்ஸ்மா" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

அதனால் ஒரு வேலை செய்தேன். என் போனில் அதே கேமை இறக்கி, குட்டிமயில் என்று பெயர் வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி உள்ளே போனேன். ஞாயிற்றுக்கிழமை மதியம். யாழினி ஹாலில், நான் கிச்சனில்.

கொஞ்ச நேரம் ஒரு சுவரில் முட்டிக்கொண்டே நின்றேன்.

அப்போதுதான் இன்னொருவரைப் பார்த்தேன். பெயர் ஜில்ஜில் டைகர். வீடு எதுவும் கட்டவில்லை. பிள்ளைகள் பின்னாலேயே சுற்றியது. பிறகு என்னிடம் வந்தது.

"ஹாய் பாப்பா, எந்த கிளாஸ்?"

"ஃபிஃப்த். நீ?"

"நானும்தான். எந்த ஸ்கூல்? எந்த ஏரியா?"

ஏரியா எல்லாம் எதற்கு? நானும் விடவில்லை. "மொதல்ல நீ சொல்லு" என்றேன்.

அது பேச்சை மாற்றியது. "சாப்டியா?"

எந்தப் பத்து வயதுக் குழந்தையும் இன்னொரு குழந்தையைப் பார்த்து சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை. இது பிள்ளை வேஷத்தில் வந்திருக்கும் பெரிய ஆள். சந்தேகமே இல்லை.

(நானும் அதேதான் என்பது அந்த நேரத்தில் தோன்றவில்லை.)

ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். வாயைக் கிளறிப் பார்க்கலாம் என்று, "உங்க அம்மா வீட்ல இருக்காங்களா?" என்று அனுப்பினேன். பதில் வருவதற்குள், மற்றவர்கள் புகார் செய்ததால் உங்கள் கணக்கு நிறுத்தப்படுகிறது என்று திரையில் வந்தது.

டைகரை விட்டுவிட்டு என்னைத் தூக்கிவிட்டார்களே என்று கொதித்துக்கொண்டிருந்தபோது, வகுப்புப் பெற்றோர் குழுவில் ஒரு மெசேஜ்.

"பேரன்ட்ஸ் கவனத்துக்கு. குட்டிமயில்ங்கற பேர்ல ஒரு ஆள் நம்ம பசங்க கேம்ல சுத்திட்டு இருக்கான். அம்மா வீட்ல இருக்காங்களான்னு கேக்குறான். பெரிய ஆள்தான். உஷாரா இருங்க."

அனுப்பியவர் ஜெனியின் அப்பா, ஸ்டீபன் சார். தாம்பரத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். அதற்குள் கீழே ஒருவர், "சைபர் போலீஸ்ல குடுத்துடலாம் சார்" என்று போட்டுவிட்டார்.

உடனே போன் செய்தேன்.

"சார், யாழினி அம்மா பேசுறேன். அந்தக் குட்டிமயில்..."

"நீங்க பயப்படாதீங்க சிஸ்டர். ஸ்கிரீன்ஷாட் வெச்சிருக்கேன். அவனை சும்மா விடக் கூடாது."

"அது நான்தான் சார்."

அம்மா வீட்டில் இருக்கிறார்களா என்று நான் கேட்டது டைகரிடம் மட்டும்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அப்ப ஜில்ஜில் டைகர் நீங்களா சார்?"

"ஆமா சிஸ்டர்" என்றார், ரொம்ப மெதுவாக. "என்னையும் இப்பதான் பிளாக் பண்ணிட்டாங்க."

குழுவில் விஷயத்தைச் சொல்லிவிட்டு, சாயங்காலம் ஜெனியைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். எங்கள் மேல் புகார் செய்தது யார் என்று கேட்டோம். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நாங்கதான்" என்றாள் ஜெனி. "நீங்கன்னு தெரியாது. புதுசா வந்து ஸ்கூல் எது, ஏரியா எது, வீட்ல யார் இருக்காங்கன்னு கேட்டா ரிப்போர்ட் பண்ணணும்னு கம்ப்யூட்டர் மிஸ் சொல்லியிருக்காங்க."

ஸ்டீபன் சார் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். நானும்தான். (அந்த மிஸ்ஸுக்கு ஒரு பெரிய கும்பிடு.)

சிரித்து முடித்ததும் எனக்கு ஒன்று உறுத்தியது. "இதுக்கு முன்னாடி யாரையாச்சும் ரிப்போர்ட் பண்ணியிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

யாழினி தலையைக் குனிந்துகொண்டாள். "ஒருத்தர். போட்டோ அனுப்பச் சொன்னாங்க. நாங்க அனுப்பல. பிளாக் பண்ணிட்டோம்."

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"சொன்னா டேப்பைப் புடுங்கி வெச்சிடுவீங்க."

நானும் ஸ்டீபன் சாரும் நிச்சயம் அதைத்தான் செய்திருப்போம்.

அப்புறம் நான்கு பேரும் தரையில் உட்கார்ந்து அந்த கேமின் செட்டிங்ஸை முழுசாகத் தோண்டினோம். தெரிந்தவர்கள் மட்டும் ஊருக்குள் வரும்படி வைக்க முடியுமாம். இத்தனை நாள் அது எங்கள் யாருக்கும் தெரியாது. இனி நாங்கள் வந்தால் சொந்தப் பெயரில்தான் வருவோம், வேஷம் கிடையாது. எது நடந்தாலும் அவர்கள் வந்து சொல்ல வேண்டும். சொன்னதற்காக டேப்லெட்டைப் பிடுங்க மாட்டோம். இதை மட்டும் யாழினி என்னை இரண்டு முறை சொல்ல வைத்தாள்.

ஸ்டீபன் சார் இப்போது அந்த ஊரிலும் ஒரு ஹார்டுவேர் கடை போட்டுவிட்டார். வியாபாரம் பரவாயில்லையாம்.

நேற்று சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். யாழினி டேப்லெட்டோடு வந்து நின்றாள்.

"அம்மா, ஜெனியோட கஸின்னு சொல்லி ஒருத்தர் ரிக்வெஸ்ட் குடுத்திருக்காங்க. வேற ஆப்ல வந்து பேசுன்றாங்க. ஜெனிகிட்ட கேட்டேன். அப்படி ஒரு கஸினே இல்லையாம்."

என்னையறியாமல் கை டேப்லெட்டை நோக்கிப் போனது. அவள் பார்த்துவிட்டாள். டேப்லெட்டை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு ஒரு எட்டு பின்னால் போனாள்.

கையை இழுத்துக்கொண்டேன்.

"என் கையெல்லாம் மாவு. நீயே பிளாக் பண்ணு, நான் பக்கத்துல நின்னு பாக்குறேன்."

ஸ்கிரீன்ஷாட் எடுத்தாள். ரிப்போர்ட் செய்தாள். பிளாக் செய்தாள். ஸ்டீபன் சாருக்கும் சொல்லிவிட்டோம். பிறகு அவள் ஹாலுக்குப் போகாமல் கிச்சன் மேடையில் ஏறி உட்கார்ந்து, அங்கேயே விளையாட ஆரம்பித்துவிட்டாள்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் பிள்ளை இப்படி வந்து நின்றால், முதலில் உங்கள் கை எங்கே போகும்?