அத்தையின் ஜெபத்தில் இல்லாத பெயர்

முழங்காலில் பாயின் கோடுகள் வரிவரியாகப் பதிந்து, எழுந்தால் ஒரு குறுகுறுப்பு... கல்யாணமாகி நெய்வேலிக்கு வந்த புதிதில் எனக்கு மாலை ஏழு மணி என்றால் அதுதான்.

மாமியார் பிலோமினாவை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். ஜெபமாலை நேரத்தில் வீட்டு ஆட்கள் முழங்கால் போட வேண்டும். மைன்ஸில் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடித்து வந்த மாமாவுக்கு மட்டும் நாற்காலி. வீட்டில் தங்கியிருக்கும் விருந்தாளிகள், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார்கள்.

விருந்தாளி இல்லாத நாள் என்று ஒன்று இருந்ததா என்ன?

ஒரு ஹால், ஒரு ரூம், ஒரு அடுப்படி. அவ்வளவுதான் குவார்ட்டர்ஸ். அதற்குள் தூத்துக்குடிப் பக்கமிருந்து இன்டர்வியூவுக்கு வந்த பையன்கள், ஆஸ்பத்திரியில் ஆளைச் சேர்த்துவிட்டு நிற்கிறவர்கள், ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள்... அவர்கள் கால் கொப்புளத்துக்கு வெந்நீரில் உப்புப் போட்டு அத்தையே ஊற்றுவார்.

"சாப்டாம போவாவளா? ஏட்டி ஸ்டெல்லா, இன்னும் ரெண்டு ஆழாக்கு போடு!" என்று ஹாலிலிருந்தே குரல் வரும்.

உபசரித்த பெயர் அத்தைக்கு. மாவாட்டிய கைவலி எனக்கு. இப்படி எழுதுவது தப்பு என்று தெரியும். எழுதிவிட்டேன்.

ஜெபமாலை முடிந்தால் எழுந்துவிடலாம் என்று பார்த்தால், அதற்குப் பிறகுதான் பெயர்கள் ஆரம்பிக்கும். எங்கள் வீட்டில் ஒரு வாய் சாப்பிட்ட ஒவ்வொருவருக்கும் ஓர் அருள் நிறை மந்திரம். யாருக்கு வேலை கிடைக்க வேண்டும், யாருக்கு மஞ்சள்காமாலை இறங்க வேண்டும், எந்த பிளாக்கில் யார் பெண்ணுக்குச் சுகப்பிரசவம் ஆக வேண்டும்... ஒன்றையும் மறக்கமாட்டார். இதைப் படிக்கிறவர்களில் யாராவது அந்த வீட்டில் சாப்பிட்டிருந்தால், உங்கள் பெயரும் அதில் இருந்தது.

கம்மாபுரம் பக்கத்து ஏழுமலை, நிலத்தை மைன்ஸுக்குக் கொடுத்துவிட்டு கான்ட்ராக்டில் இருந்தவர். சாக்கடை அடைப்பு எடுக்க வந்து, சாப்பிட்டு, பட்டியலில் சேர்ந்தவர். ஒருநாள் என்னிடம் கேட்டார்.

"ஏம்மா, நான் பெர்மனன்ட் ஆவணும்னு எம்பேர சொல்லி தெனம் வேண்டிக்கினு இருக்காங்களாமே? எங்க வூட்லகூட யாரும் அப்டி வேண்டிக்கினதில்லீங்க."

சிரித்து வைத்தேன். உள்ளே சுருக்கென்றது. ஏனென்றால் அந்தப் பட்டியலில் என் பெயர் இல்லை.

எனக்கு இரண்டு முறை கரு தங்கவில்லை. அப்போது மூன்றாவது முறை, ஐந்தாம் மாதம். முழங்கால் போட வேண்டாம் என்று அத்தை மாமாவைப் பாயில் இறக்கிவிட்டு, நாற்காலியை எனக்குக் கொடுத்திருந்தார். ஆனால் அதில் உட்கார்ந்து தினமும் காத்திருந்ததுதான் மிச்சம். ஊரார் பிரசவமெல்லாம் வரும். என்னுடையது வராது. கோபத்தைவிட பயம்தான் அதிகம். இதுவும் தங்காது என்று அத்தைக்குத் தோன்றிவிட்டதோ...

ஒருநாள் அடுப்படியில் கேட்டேவிட்டேன்.

"அத்த, எல்லாரு பேரையும் சொல்றீங்க. எம்பேர ஏன் சொல்ல மாட்றீங்க?"

மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை.

"நீ என்ன வெளியாளா? போ, போய் அரிசியக் களை."

அன்று துவைக்கிற கல்லில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். யாரும் வந்து கேட்கவில்லை.

மறுநாள் மாலை. ஏழுமலையின் பெயர் முடிந்தது. அத்தை கொஞ்சம் நிறுத்தினார்.

"எங்க வீட்டு மருமவ ஸ்டெல்லாவுக்காவ..."

அதற்கு மேல் வரவில்லை. வாய் கோணிக்கொண்டு போனது. தோள் குலுங்கியது. அத்தை அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. சுவரோரம் இருந்த இன்டர்வியூ பையன்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கடைசியில் மாமாதான் மந்திரத்தை எடுத்துச் சொல்லி முடித்தார்.

பிறகு அத்தை அடுப்படிக்கு வந்து என்னைத் திட்டினார்.

"கேட்டியே, இப்ப நிம்மதியா? காலம்பற எந்திரிச்சதுல இருந்து மனசுக்குள்ள ஒன்னத்தான் சொல்லிட்டுக் கெடக்கேன். வாயில வந்தா ஒடைஞ்சிருதேன்ட்டி. நான் அழுதா நீ பயந்துர மாட்டியா?"

அதன் பிறகு என் பெயரை அவர் சத்தமாகச் சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை. மகள் பிறந்தாள். இப்போது சென்னையில் வேலை.

மாமா ரிட்டயர்டு ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, வடலூர் பக்கம் வீடு கட்டினோம். மூன்று ரூம். ஆள்தான் இல்லை. வருகிறவர்கள் லாட்ஜில் தங்கிக்கொள்கிறார்கள். "உங்களுக்கு எதுக்குங்க சிரமம்" என்று காபியோடு கிளம்பிவிடுகிறார்கள். எனக்கும் இன்னும் ரெண்டு ஆழாக்கு போட இப்போது தெம்பில்லை. உண்மையைச் சொன்னால், அவர்கள் கிளம்பினால் நிம்மதியாகத்தான் இருக்கிறது.

ஜெப விண்ணப்பமெல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில் வருகிறது. கைகூப்புகிற படத்தைத் தட்டிவிட்டு அடுத்ததைப் பார்க்கிறேன். முட்டி தேய்ந்துவிட்டதால் ஜெபமாலையும் கட்டிலில் உட்கார்ந்தபடிதான். பழைய பட்டியலை ஒவ்வொரு பெயராக விட்டுவிட்டேன். முக்கால்வாசிப் பேர் பெர்மனன்ட் ஆகி ரிட்டயர்டும் ஆகிவிட்டார்கள். ஏழுமலை மட்டும் கடைசிவரை ஆகவில்லை.

முடிவில், இறந்தவர்களுக்கு இளைப்பாற்றி கேட்கும் ஜெபம் ஒன்று உண்டு. மாமா பெயர் சொல்கிறேன். என் அப்பா, அம்மா பெயர் சொல்கிறேன். ஏழுமலை பெயரும் சொல்கிறேன். அத்தை போய் ஒரு வருடம் ஆகிறது.

காரியம் முடிந்த வாரத்தில் என் வீட்டுக்காரர் கேட்டார். "அம்மா பேர விட்டுட்டியே?"

"நாளைக்குச் சொல்றேங்க" என்றேன்.

இன்றைக்கும் அதைத்தான் சொன்னேன்.