சட்டைப் பைக்குள் ஒரு விமானம்

ஊருக்கு வர முடியாதவர்களுக்கு ஊரைப் போனில் காட்டுவதுதான் என் தொழில். கேட்பதற்குச் சுகமாக இருக்கும், செய்து பார்த்தால்தான் பாடு தெரியும். யாங்கோனில் சுற்றுலா வழிகாட்டியாக இருந்தவன் நான். பயணிகள் வருவது நின்றுபோனதும் வீடியோ காலில் பிழைப்பைத் தொடங்கினேன். வெளிநாட்டுச் சொந்தக்காரர்களுக்காக ஒரு தடவையாவது போனைத் தூக்கிப் பிடித்து, "இன்னும் கொஞ்சம் வலது பக்கம்" என்று திட்டு வாங்கியவர்களே, என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

எங்களுக்கு அதோடு இன்னொன்றும் உண்டு. இங்கே இப்போது ராணுவ ஆட்சியில் தெருவில் நின்று படம் எடுக்கிறவனை யாரும் நல்லவிதமாகப் பார்ப்பதில்லை. சந்தேகத்தில் கூட்டிக்கொண்டு போனால் என்றைக்கு வீடு திரும்புவோம் என்று சொல்ல முடியாது. தினமும் தாமுவே பேட்டையில் இருக்கும் எங்கள் வீட்டை விட்டு நான் படியிறங்கும்போது என் மனைவி செல்வி கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வாள்.

பசுந்தாங் ஜன்னல்

மதுரையில் ஒரு வாத்தியார். அவருடைய தாத்தா இங்கே துறைமுகத்தில் வேலை பார்த்தபோது குடியிருந்த பசுந்தாங் பேட்டை மாடி ஜன்னலைப் பார்க்க வேண்டும் என்றார். கீழே நின்று போனை உயர்த்தினேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பர்மிய அம்மா என்னைப் பார்த்தார். படைக்கு ஆள் எடுக்க வீடு வீடாகக் கணக்குப் பார்க்க வந்தவன் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

நான் வாயைத் திறப்பதற்குள் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டிக் கத்த ஆரம்பித்துவிட்டார். அவர் தலைக்கு மேலே கொடியில் மூன்று கால்பந்து டவுசர்கள் காய்ந்துகொண்டிருந்தன. "இந்த வீட்ல ஆம்பளைப் பிள்ளையே கிடையாது, போய் எழுதிக்கோ!"

ஹலினா அம்மாவின் நோட்டு

ஒருநாள் போலந்திலிருந்து ஹலினா அம்மா கூப்பிட்டார். இரண்டாம் உலகப் போர் தொடங்கின வருஷம் பிறந்தவர். அவருடைய அப்பா போர் விமானி. நாடு பறிபோனதும் கைக்குழந்தையை விட்டுவிட்டு ருமேனியாவுக்குத் தப்பி, பிரான்ஸுக்குப் போய், அங்கிருந்து இங்கிலாந்துக்குப் போய், வெள்ளைக்காரன் படையில் சேர்ந்து, கடைசியில் நம்ம ரங்கூனில் வந்து இறங்கினாராம். ஜப்பான்காரன் குண்டு போட வந்த நாட்களில் மிங்கலாடோன் விமானத் தளத்திலிருந்து பறந்திருக்கிறார். பாவம் மனுஷன், பறந்ததெல்லாம் அடுத்தவன் ஊருக்காக.

அவர் ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தார். கிளம்புமுன் இடது பக்கத்தில் இடமும் நேரமும் எழுதி, நோட்டைக் கட்டில்மேல் வைத்துவிட்டுப் போவார். வந்ததும் வலது பக்கத்தில் இறங்கிய இடம், இறங்கிய நேரம். சண்டை முடிந்த பிறகு அந்த நோட்டு மட்டும் வீட்டுக்கு வந்தது. ஹலினா அம்மா அதைப் பக்கம் பக்கமாகக் காட்டினார். கடைசி வரியில் இடது பக்கம்: மிங்கலாடோன், பன்னிரண்டு ஐந்து. வலது பக்கம் ஒன்றுமே இல்லை. அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். "அப்பா கிளம்பிய இடத்தைக் காட்டுங்கள். இறங்கிய இடத்தை உங்களிடம் கேட்க மாட்டேன்."

கல்லில் தேடிய பெயர்

முதலில் நழுவத்தான் பார்த்தேன். மிங்கலாடோன் என்றால் விமான நிலையம், பக்கத்திலேயே ராணுவ இடங்கள். அங்கே போய்ப் போனைத் தூக்க எனக்கென்ன பைத்தியமா? அதனால் அம்மாவை இன்னும் வடக்கே, போர்க் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப்போனேன். அங்கே அப்பா பெயரைக் காட்டினால் சமாதானமாகிவிடுவார் என்று கணக்கு.

தூண் தூணாகப் பெயர்கள். வாயில் நுழையாத அந்தப் போலந்துப் பெயரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு இரண்டு மணி நேரம் வெயிலில் அலைந்தேன். வியர்வையில் எழுத்து அழிந்ததுதான் மிச்சம். நடுவில் ஒரு முத்துசாமியைப் பார்த்ததும் கால் தானாக நின்றுவிட்டது. எந்த ஊர்க்காரரோ, யார் பெற்ற பிள்ளையோ. நேரத்தை வீணாக்குகிறோமே என்று அவசரமாகப் போனைத் திருப்பினேன். ஹலினா அம்மா தடுத்தார். "அவருக்கும் யாராவது காத்திருந்திருப்பார்கள். நிதானமாகக் காட்டுங்கள்."

அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்தேன். மிங்கலாடோனுக்குச் சரி என்று சொல்லிவிட்டேன்.

கோ தூன் போட்ட நிபந்தனை

கோ தூன் டாக்சி ஓட்டுகிறவர், வழிகாட்டிக் காலத்துக் கூட்டாளி. விஷயத்தைச் சொன்னதும் வண்டியை ஓரங்கட்டி என்னை மேலும் கீழும் பார்த்தார். படமே வேண்டாம், போன் சட்டைப் பைக்குள்ளேயே இருக்கட்டும், விமானம் கிளம்பும் சத்தத்தை மட்டும் கேட்கட்டும் என்று யோசனை சொன்னவரும் அவர்தான். ஹலினா அம்மாவும் ஒப்புக்கொண்டார்.

அப்படியும் வழியெல்லாம் கோ தூனுக்கு என் சட்டைப் பைமேல்தான் கண். தெருமுனையில் என்னை இறக்கிவிட்டு, வண்டியை அணைக்காமலே சொன்னார். "போன் தலையை வெளிய நீட்டுச்சுன்னா நான் உங்களைப் பார்த்ததே இல்ல அண்ணே. கம்பி எண்ண எனக்கு நேரமில்ல."

டீக்கடையில் பன்னிரண்டு ஐந்து

விமான நிலையச் சாலையில் ஒரு டீக்கடை. குட்டை முக்காலியில் உட்கார்ந்து அம்மாவைக் கூப்பிட்டு, போனைப் பைக்குள் போட்டேன். அவருக்கு அப்போது விடிந்தும் விடியாத நேரம். சொல்லிவைத்தாற்போல் பன்னிரண்டு மணி தாண்டியதும் ஒரு விமானம் கிளம்பியது. தகரக் கூரை அதிர்ந்தது, கிளாஸ்கள் கிலுகிலுத்தன. நெஞ்சுக்கு நேரே, பைக்குள்ளிருந்து ஓர் அழுகைச் சத்தம் கேட்டது. எனக்கும் கண் கலங்கிவிட்டது.

நிமிர்ந்து பார்க்கிறேன், பக்கத்து மேஜையில் சீருடைக்காரர் ஒருவர். எப்போது வந்தாரோ! இங்கிலீஷில் அழுகிற என் சட்டைப் பையைக் கேட்டிருப்பாரா? தலைவலிக்காரன் மாதிரி குனிந்து, பைக்குள் கையை விட்டுப் போனை அடியோடு அணைத்தேன். முதுகில் வியர்வை ஓடியது. செல்வி முகம் வந்து போனது. அவர் என் பக்கம் கையை நீட்டினார். முடிந்தது கதை என்று எழுந்தே விட்டேன். "அந்த டீ பிளாஸ்க்கைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்க."

மூன்று இருபது

கோ தூனுக்குக் காத்திருக்காமல் கிடைத்த பஸ்ஸில் ஏறினேன். நெரிசலில் நின்று, இரண்டு பஸ் மாறி, வீடு வந்து போனைப் போட்டால் சார்ஜ் இல்லை. கரண்டும் இல்லை. "அணைச்சு வைக்கிறதுக்கு எதுக்குங்க போன்? எத்தனை தடவை கூப்பிடுறது!" என்று செல்வி பிடித்துக்கொண்டாள். நியாயம்தான். சாப்பிட்டுப் படுத்தேன்.

கரண்ட் வந்தபோது ஐந்து மணி. போன் உயிர் பெற்றதும் வரிசையாகச் செய்திகள், எல்லாம் ஹலினா அம்மாவிடமிருந்து, எல்லாவற்றிலும் ஒரே கேள்வி: இறங்கிவிட்டீர்களா? இறங்கிவிட்டீர்களா? அட பாவி, என்ன காரியம் செய்தேன்! மிங்கலாடோனில், அதே நேரத்தில், அவர் காதுக்குள்ளேயே நான் காணாமல் போயிருக்கிறேன். உடனே கூப்பிட்டேன். முதல் மணி முடிவதற்குள் எடுத்தார். காலையிலிருந்து நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லையாம். மன்னிப்புக் கேட்டேன். அதெல்லாம் அவர் காதில் விழவில்லை. எத்தனை மணிக்கு வீட்டுக்குள் வந்தீர்கள் என்று மட்டும் கேட்டார்.

எனக்கு எங்கே ஞாபகம்? செல்வியைக் கேட்டேன். அடுப்படியிலிருந்து செல்வி திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள், "மூணு இருபது."

தாமுவே வீடு என்று சேர்த்து அதை அப்படியே சொன்னேன். அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம், பிறகு பேனா கீறும் சத்தம். "தாமுவே, மூன்று இருபது. அப்பாவின் வரிக்கு எதிரே வலது பக்கத்தில் எழுதிவிட்டேன். எனக்கு ஒருவராவது இறங்கினாரே."

ஆகவே கஷ்டப்படும் சக தொழிலாளர்களே, நம் தொழிலில் படம் ஆடலாம், குரல் அறுந்து போகலாம், ஆனால் வீடு சேர்ந்ததை ஒரு வார்த்தை சொல்லாமல் சோற்றில் மட்டும் கை வைத்துவிடாதீர்கள்.