மாமா கட்சி மாறிய மாசி

காமன் பண்டிகையன்று எங்கள் ஊரில் நடந்ததை உறவினர்கள் பலவாறு சொல்லி வந்திருக்கின்றனர். தீ பனைமர உயரத்துக்கு எழுந்தது என்பார் ஒருவர். மாமா தாய்நாட்டை வாழ்த்தி முழக்கமிட்டார் என்பார் மற்றொருவர். தீ அவ்வளவு உயரம் எழவில்லை. மாமா முழக்கம் எதுவும் இடவுமில்லை. ஆகவே, நான் கண்ணால் கண்டவற்றையும், உடனிருந்த வேறொருவர் வாயிலாகப் பின்னர் உறுதிப்பட்டவற்றையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன். கேள்விப்பட்டவை சுவை மிக்கவையாக இருக்கலாம். ஆனால் இதில் ஒரு மனிதர் சிறை சென்றிருக்கிறார். சுவைக்காக ஒரு சொல்லைக் கூட்டவும் எனக்கு உரிமை இல்லை.

ஊர் கோலியனூருக்கு அருகே இருந்தது. காற்று எங்கள் பக்கம் வீசினால் விழுப்புரம் சந்திப்பில் இரயில் எஞ்சின்கள் ஊதுவது கேட்கும். அப்பா திண்டிவனத்தில் தாலுகா அலுவலக எழுத்தர். நாங்கள் அங்கேயே குடியிருந்தாலும் மாசி மாதத்தில் பண்டிகைக்கு ஊர் வந்துவிடுவோம்.

பண்டிகையை இன்று விளக்கித்தான் சொல்ல வேண்டும். மாசி அமாவாசை கழிந்ததும் மேடையில் ஆமணக்குக் கொம்பு ஒன்றை நட்டு, வைக்கோலும் வறட்டியும் சுற்றி அடுக்கி, கரும்பு வில் ஒன்றைச் சாய்த்து வைப்பார்கள். அதுவே காமன். முழுநிலவு எழும்போது அவனைக் கொளுத்துவார்கள். அதையொட்டி இரு சாராரும் எதிரெதிரே பாய் விரித்து அமர்ந்து, தேப்பு என்னும் வட்டப் பறையை அடித்து லாவணி பாடுவார்கள். சிவன் கண் திறந்ததும் காமன் எரிந்தே போனான் என்று வாதிடுவது எரிந்த கட்சி. இரதியின் கண்ணுக்கு அவன் இன்றும் தெரிகிறானே, எரிந்திருந்தால் எப்படித் தெரிவான் என்று மடக்குவது எரியாத கட்சி. வாதம் ஒரு நாளும் முடிந்ததில்லை. முடிய வேண்டும் என்று எவரும் விரும்பியதாகவும் தெரியவில்லை.

கட்சி எங்களுக்குப் பிறப்பால் வருவது. மேலத்தெரு எரிந்த கட்சி. அப்பாவின் வீடு மேலத்தெருவில் இருந்தது. காமனுக்குத் தீ வைக்கும் உரிமையும் கட்சித் தலைமையும் தலைமுறை தலைமுறையாக அந்த வீட்டுக்கே உரியவை. கீழத்தெரு எரியாத கட்சி; அம்மா பிறந்த வீடு அங்கே. அம்மாவின் தம்பியாகிய என் மாமாவே அந்தக் கட்சியின் முதற்பாடகர். கட்சி என்னும் சொல்லுக்கு வேறொரு பொருள் உண்டென்பதே அந்த வயதில் எனக்குத் தெரியாது. நான் எந்தக் கட்சி என்று ஒரு முறை அம்மாவிடம் கேட்டேன்.

"நாமளா? நாம சோறாக்கற கட்சி" என்றார் அம்மா.

திண்டிவனத்துப் பள்ளியில் எங்கள் ஆசிரியை இராஜ விசுவாசம் என்னும் தொடரை அந்த ஆண்டு விளக்கினார். எந்த நிழலில் இருக்கிறோமோ அதற்கு மாறாமல் நிற்பது என்றார். கதர் உடுத்தும் மாமாவிடம் தேசபக்தி என்றால் என்ன என்று கேட்டபோது, "இன்னா வந்தாலும் மாறாம நிக்கறது" என்றார். இரண்டும் ஒன்றே என்று நான் மகிழ்ந்தேன். மாறாதிருப்பது நல்லது, மாறுவது கெட்டது. அப்பா மாறாதவர், மாமாவும் மாறாதவர். என் அறிவுக்கு அது போதுமானதாக இருந்தது.

அது போரில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்த மாசி. விழுப்புரத்து விளக்குகளுக்குக் கறுப்புத் தாள் சுற்றினார்கள். பண்டிகைக்குச் சில நாள் முன்னர் ஊரில் தண்டோரா போட்டார்கள். பொழுது சாய்ந்தபின் வெளியில் எங்கும் நெருப்பு கூடாது. வானத்திலிருந்து பார்ப்பவனுக்கு இரயில் சந்திப்பு தெரிந்துவிடும். மீறினால் சிறை. அரசு ஊழியர் மீறினால் வேலையும் போய்விடும். கடைசிச் செய்தியைத் தண்டோராக்காரர் எங்கள் வீட்டு வாசலில் நின்று சற்று உரக்கச் சொன்னதாக அம்மா பின்னாளில் கூறினார்.

பண்டிகையன்று பகலில் அக்காளைப் பார்க்க மாமா வந்தார். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முதலில் வாயைத் திறந்தவர் அப்பாவின் தமக்கையாகிய என் அத்தை.

"உங்களுக்கு இன்னாப்பா, இந்த வருசம் பாடாமலே ஜெயிச்சிட்டீங்க. சர்க்காரே எரியாத கட்சியில சேந்துக்கிச்சே."

"சேரட்டும்க்கா. தொரைக்குத் தேப்பு அடிக்கத் தெரியுமான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க" என்றார் மாமா.

அப்பா சிரிக்கவில்லை. "கதரைக் கட்டிக்கினு வெள்ளைக்காரன் உத்தரவுக்குக் காவல் நிக்கப் போறே. நல்லாத்தான் இருக்குது மச்சான்."

"நீங்க மட்டும் இன்னா மாமா? சர்க்கார் சம்பளத்த வாங்கிக்கினு, சர்க்கார் உத்தரவ மீறிக் கொளுத்தப் போறீங்களா?" என்று மாமா திருப்பிக் கேட்டார்.

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிசைந்த சோற்றை உண்ணவில்லை. மோர் ஊற்ற வந்த அம்மா, கிண்ணத்தைப் பிடித்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கோ ஒன்றும் விளங்கவில்லை. அரசர் பக்கம் நிற்கும் அப்பா அரசரின் சொல்லை மீற வேண்டியவராகவும், அரசரை எதிர்க்கும் மாமா அரசரின் சொல்லால் வெல்பவராகவும் எப்படி ஆனார்கள்? நான் மாறாதவர்கள் என்று நம்பிய இருவரும் நின்ற இடத்திலேயே நிற்க, தரை மட்டும் அவர்களுக்குக் கீழே இடம் மாறிக்கொண்டதுபோல் இருந்தது.

மாமா போன பிறகு மேலத்தெருப் பெரியவர்கள் சிலர் வந்தனர். அவர்கள் குரலைத் தாழ்த்தியே பேசினர். ஒருவர் சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது. "உன் கை தொடாம காமன் நின்னான்னா, எரிஞ்சான்னு நாங்க இனிமே எந்த வாயால பாடறது?" அவர்கள் எழுந்து போனதும் அம்மா அப்பாவிடம், "வேல பூடுச்சின்னா ஒரே பேஜாரு. இவுங்களா வந்து சோறு போடுவாங்க?" என்று கேட்டார்.

நிலவு எழுந்தது. கொளுத்தப்படாத காமன் மேடையில் நின்றான். ஒளி தடுக்கப்பட்டதே தவிர ஒலி தடுக்கப்படவில்லை என்பதால் லாவணி மட்டும் நடந்தது. உத்தரவு காக்கப்படுகிறதா என்று பார்க்க விழுப்புரத்திலிருந்து ஒரு காவலர் வந்து ஓரமாக அமர்ந்திருந்தார். நான் கீழத்தெருப் பாயில் மாமாவை ஒட்டி அமர்ந்திருந்தேன். அவருடைய முழங்கை அவ்வப்போது என் தோளில் இடித்தது. எரிந்த கட்சியார் எரிந்தான் என்று பாடும்போதெல்லாம் கீழத்தெருக்காரர்கள், "எங்க எரிஞ்சான்? தோ நிக்கறான் பாரு" என்று வைக்கோற் காமனைச் சுட்டிக் காட்டிச் சிரித்தார்கள். அவர்களுக்கு அதைவிட எளிதான ஆண்டு அமைந்ததில்லை. ஆயினும் மாமா அந்த ஏளனத்தைப் பாட்டில் சேர்க்கவே இல்லை. "பாடேண்டா, இன்னாத்துக்கு முழுங்கறே?" என்று பின்னாலிருந்து ஒருவர் அவர் முதுகில் தட்டினார். மாமா இரதியின் புலம்பலையே திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தார்.

அப்போது தீ எழுந்தது.

வைக்கோல் பற்றிக் கரும்பு வில் வெடிக்கும் ஓசை கேட்டுத்தான் எல்லாரும் திரும்பினோம். மாமாவின் இரண்டு கைகளும் தேப்பின் மேல் இருந்தன. தீ எழுந்த பின்னும் ஓரிரு அடிகள் அவர் கை தாளத்தை விடவில்லை. இதை உறுதியாகச் சொல்வேன். அந்த முழங்கை என் தோளில்தான் இருந்தது.

காவலர் மண்ணை வாரி இறைக்கச் சொன்னார். காமன் தணலானான். அப்பா மேடையின் பின்புறத்தில் நின்றிருந்தார். அவர் அங்கே எப்போது போனார் என்பதை எவரும் சொல்லவில்லை. காவலர் அவரிடம் மரியாதையாகவே கேட்டார். "நீங்க சர்க்கார் உத்தியோகஸ்தருங்க. நீங்களே சொல்லுங்க. யாரு வெச்சது?"

அப்பா வாயைத் திறந்தார். என்ன சொல்லத் திறந்தார் என்று தெரிவதற்குள் மாமா தேப்பை என் மடியில் வைத்துவிட்டு எழுந்தார்.

"நான்தாங்க வெச்சேன்."

அடுத்துப் பேசியவர் கீழத்தெருவின் மூத்த பாடகர். அவர் காவலரைப் பார்க்கவில்லை. மாமாவை மட்டுமே பார்த்தார். "கட்சி மாறிப் பூட்டான்" என்று சொல்லிப் பாயைச் சுருட்டினார்.

நான் அழுதேன். மாமாவைக் காவலர் அழைத்துப் போகிறார் என்பதற்காக அழவில்லை. மாறாமல் நிற்க வேண்டும் என்று எனக்குச் சொன்னவரே, காமன் எரிந்தான் என்று ஊரறிய ஒப்புக்கொண்டுவிட்டாரே என்பதற்காக அழுதேன். மறுநாள் விழுப்புரத்தில் இரயிலேறும்போதும் அந்தத் தேப்பை நான் கையால் தொடவில்லை. அதை அப்பாதான் தூக்கி வந்தார். எரிந்த கட்சிக்காரர் ஒருவர் எரியாத கட்சியின் தேப்பைச் சுமந்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

மாமா கடலூர்ச் சிறையில் சில மாதங்கள் இருந்தார். அப்பாவின் வேலைக்குத் தீங்கு வரவில்லை. அடுத்த மாசியில் மாமாவுக்குக் கீழத்தெருப் பாயில் இடம் தரவில்லை. மேலத்தெருவார் அழைத்தும் அவர் போகவில்லை. அப்பாவும் அதன்பின் மேலத்தெருப் பாயில் அமரவில்லை. எரிந்தான் என்று பாட ஒரு பக்கம் தலைவர் இல்லை; எரியவில்லை என்று பாட மறு பக்கம் குரல் இல்லை. போர் முடிந்து உத்தரவு நீங்கியபோது கொளுத்தத் தடை இல்லை, ஆனால் எதிரெதிரே விரிப்பதற்குப் பாய் கொண்டுவருவார் இல்லை. ஆமணக்குக் கொம்பு நடுவது மட்டும் சில ஆண்டுகள் நடந்தது. பின் அதுவும் நின்றது.

சிறையிலிருந்து வந்த மாமா ஒரு நாள் திண்டிவனத்துக்குத் தேப்பை வாங்கிப் போக வந்தார். நான் மனத்தாங்கலோடு கேட்டேன்: "காமன் எரிஞ்சானா, எரியலையா? இப்பவாவது சொல்லு மாமா."

அவர் அப்பாவைப் பார்த்தார். பிறகு சமையற்கட்டுப் பக்கம் பார்த்தார். "எனக்கு எப்பிடிக் கண்ணு தெரியும்? நான் பாடிக்கினு இல்ல இருந்தேன்" என்றார். அவர் சிவன் கதையைச் சொல்கிறார் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன்; அந்த இரவைச் சொன்னார் என்பது பின்னரே விளங்கியது.

இன்னும் ஒன்றை எழுதியாக வேண்டும். பண்டிகைக்கு மறுநாள் காலை அம்மாவின் வலக்கையில், பெருவிரலுக்குக் கீழே, ஒரு கொப்புளம் இருந்தது. நேற்று மாலை சோறு வடிக்கும்போது சுட்டது என்றார். முதல் நாள் மாலை அம்மா அடுப்பே மூட்டவில்லை. எங்களுக்குச் சோறு அத்தை வீட்டிலிருந்து வந்தது. இதை அத்தையும் உறுதிப்படுத்தியிருக்கிறார்.

காமனுக்குத் தீ வைத்தவர் மாமா அல்லர் என்பது எனக்குத் தெரியும். அது அப்பாவா, அம்மாவா, வேறு யாரேனுமா என்பது தெரியாது. மாமா யாருக்காக எழுந்து நின்றார் என்பதும் தெரியாது. மூவரும் அதைச் சொல்லாமலே போய்ச் சேர்ந்தார்கள்.