ஆனந்தராஜாவின் பெருவிரல்

தொலைக்காட்சியில் செய்தி ஓடுகிறது. ஆனந்தராஜா பார்க்கவில்லை. ரிமோட்டைத் துப்பாக்கி மாதிரிப் பிடித்து, அதன் முனையில் பெருவிரலைப் போட்டு இழுக்கிறார், விடுகிறார், மறுபடி இழுக்கிறார். வீங்கிய மூட்டு சடக்கென்கிறது. குசினியில் நிற்கும் மனைவி சந்திரவதனாவுக்கே அது கேட்கிறது.

புலம்பெயர்ந்து வந்து டூங்கபியில் பஸ் ஓட்டுகிற மனிதர். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. யுத்த காலத்தில் ஊரில் வெடிச் சத்தம் கேட்டால் முதல் ஆளாய்ப் பதுங்கு குழிக்குள் குதித்தவர். இங்கே என்னவென்றால், கௌபாய் மாதிரி அகன்ற தொப்பியும் கட்டம் போட்ட சட்டையுமாய் ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு துப்பாக்கி கிளப்புக்குப் போகிறார். சந்திரவதனாவுக்கு இவரில் இது மட்டும் இன்னும் பிடிபடவில்லை.

அதுவும் பழைய மாதிரி ரிவால்வர். ஒவ்வொரு வெடிக்கும், துப்பாக்கியின் பின்னாலுள்ள சுத்தியலைப் பெருவிரலால் இழுத்து நிறுத்த வேண்டும். இழுக்காவிட்டால் விசையை எவ்வளவு அழுத்தினாலும் சும்மா கிடக்கும். ஆறு துளையில் ஐந்துக்குத்தான் தோட்டா. சுத்தியலுக்கு நேரே இருக்கிற துளை வெறுமை, தட்டுப்பட்டு வெடித்துவிடக் கூடாதென்று. சுட்டபின் தோட்டாக்களின் வெற்றுக் கோதுகளையும் ஒவ்வொன்றாய்த் தள்ளி எடுக்க வேண்டும்.

ஒருமுறை அவளும் பிளாஸ்க்கோடு போய்ப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற கோயம்புத்தூர்க்காரர் கிரண், புதுமாதிரித் துப்பாக்கியால் படபடவென்று சுட்டு முடித்துவிட்டுச் சிரித்தார்.

"நீங்க தோட்டா போட்டு முடிக்கிறதுக்குள்ள நான் காபி குடிச்சிட்டே வந்துருவேன் அங்கிள்."

"ஆறுதலாக் குடிச்சிட்டு வாரும். என்னை இப்ப ஆர் கலைச்சுக்கொண்டு வருகினம்?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. திரும்பும்போது காரில் கேட்டாள்.

"ஏனப்பா இந்தக் கரைச்சல்?"

"இழுக்கேக்க யோசிக்க ஒரு கணம் கிடைக்குதெல்லோ. வேண்டாமெண்டால் விடலாம். அங்க ஆர் அப்பிடி நிண்டு யோசிச்சவை?"

அதற்குப் பிறகு அவளுக்கு இன்னும் குழம்பிவிட்டது.

போனமுறை அந்த விரல் சுத்தியலிலிருந்து வழுக்கியது. குறி பார்க்க முதலே வெடித்து, தோட்டா மண்ணுக்குள் போனது. வாற ஞாயிறும் இப்படி நடந்தால் இந்தத் துப்பாக்கியை விட்டுவிட வேண்டும் என்று கிளப்பில் சொல்லிவிட்டார்கள். "ஜஸ்ட் செல் இட், அப்பா," என்றாள் மகள் வினுஷா, போனில். துப்பாக்கியை வைத்து அறைச் சுவரோடு பூட்டிய அந்த இரும்புப் பெட்டி எப்போது தொலையும் என்றுதான் சந்திரவதனா இவ்வளவு காலமும் இருந்தாள். இப்போது சந்தோசப்பட வேண்டியவள், கறிக்கு இரண்டுதரம் உப்புப் போட்டாள்.

சனிக்கிழமை சரஸ்வதி பூசை வந்தது. புத்தகங்கள், கத்தரிக்கோல், தையல் மெஷின், கார்த் திறப்புக் கொத்து எல்லாம் படத்துக்கு முன்னால் இருந்தன. வருடா வருடம் அவர், "அதையும் ஒருக்கா வைப்பமே?" என்பார். "சரஸ்வதிக்கு முன்னால அந்தச் சனியனோ?" என்பாள். இந்த வருடம் அவர் கேட்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார்.

அவள் ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்துக்கொண்டே வந்தாள். எல்லாம் முடிந்தும் விரலில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கதிரையடிக்குப் போய் அவருடைய வலது கையை எடுத்து, வீங்கிய மூட்டில் அதைப் பொட்டாக வைத்து, மேலே குங்குமமும் வைத்தாள்.