கூப்பிட்டால் வருகிற ரோபோக்கள்

மத்தியானச் சாப்பாடு முடிந்து ஏனங்களைக் கழுவிக் கவிழ்க்கிற நேரத்தில் என் வீட்டுக்குள் ஒரு சிவப்பு ரோபோ கதைக்கத் தொடங்கும். "நாங்கள் வந்துகொண்டிருக்கிறோம். தயவுசெய்து அசையாமல் இருங்கள்" என்று அது சொல்லும். சிட்லபாக்கத்தில் எந்தக் கடையிலும் எந்த வாசலிலும் அப்படி ஒருவர் பேசி நான் கேட்டதில்லை. எந்த நாட்டில் செய்த கார்ட்டூன் தொடரோ தெரியாது, தமிழில் குரல் கொடுத்திருக்கிறார்கள். கீழ்மாடிப் பிள்ளை மித்ரா அதைப் போனில் வைத்துக்கொண்டு தரையில் குப்புறப் படுத்துக் கிடப்பாள். அவள் என்னிடம் வந்த முதல் நாள், "பிள்ளை, கையைக் கழுவிப்போட்டு வாங்கோ, சாப்பிடுவம்" என்றேன். கண்ணை விரித்துப் பார்த்தாள். "ஆச்சி, நீங்க ரோபோ மாதிரியே பேசுறீங்க!" என்றாள். இத்தனை காலத்தில் என் பேச்சைக் கேட்டு இந்த ஊர் ஆட்கள் கேரளாவா என்று கேட்டிருக்கிறார்கள். சிலர் சிரித்துவிட்டுத் திரும்பவும் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு வெட்கப்பட்டே நான் காய்கறிக் கடையில் வாயைத் திறக்காமல் விரலால் காட்டி வாங்கப் பழகினேன். ரோபோ மாதிரி என்று சொன்னவள் இவள் ஒருத்திதான். அவளைப் பொறுத்தவரை அது பெரிய மரியாதை என்று பிறகுதான் விளங்கியது.

இலங்கையில் இருக்கிற நம்மாட்களுக்கும், என்னைப் போல வெளியே வந்து வந்த இடத்திலேயே தங்கிப்போனவர்களுக்கும் இதை எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பு, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்துப் பக்கம் எங்கள் ஊர். கைப்பிள்ளையாக இருந்த மகளையும் தூக்கிக்கொண்டு நானும் அவரும் வள்ளத்தில் வந்து இறங்கினோம். கொஞ்சக் காலம் முகாமில் இருந்தோம். பிறகு தாம்பரம் பக்கம் வீடு எடுத்துக்கொண்டு வந்தோம், போலீஸ் ஸ்டேஷனில் பதிவும் வைத்தோம். அவர் இங்கேயே கண்ணை மூடினார். மகள் கல்யாணம் கட்டி பாரிஸுக்குப் போய்விட்டாள். மூன்றாம் மாடியில் ஒற்றைப் படுக்கையறை வீட்டில் நான் இருக்கிறேன். இரண்டாம் மாடியில் மித்ராவும் அவள் அம்மா சரண்யாவும். தகப்பனுக்குப் பெங்களூரில் வேலை. சரண்யா காலையில் சிறுசேரி கம்பெனி பஸ்ஸைப் பிடித்தால் பொழுது சாயத்தான் வருவாள். யுகேஜி முடிந்து பள்ளி வேன் கொண்டுவந்து விடுகிற பிள்ளையைக் கீழே போய்க் கூட்டி வந்து சோறு கொடுத்து வைத்திருப்பது என் பொறுப்பு. சரண்யாதான் முதலில் கேட்டாள். ஒரு மனுசி என்னை நம்பிப் பிள்ளையைத் தந்தாள். இந்த ஊரில் என்னிடம் பதிவுப் புத்தகத்தைக் கேட்டிருக்கிறார்கள், வீட்டைக் காலி செய்து தரக் கேட்டிருக்கிறார்கள். என்னிடம் ஒன்றை ஒப்படைத்துவிட்டுப் போனவர்கள் யாரும் இல்லை.

அந்தத் தொடரில் வருகிற ரோபோக்கள் நாலு பேர். சிவப்புக்கு முதுகில் ஏணி இருக்கிறது. மஞ்சள் மண்ணைத் தோண்டும். நீலம் தண்ணீரில் ஓடும். வெள்ளை சின்னது, காயத்துக்கு மருந்து கட்டும். ஒரு மலைக்குள்ளே தூங்கிக்கொண்டிருப்பார்கள். கிணற்றில் விழுந்த ஆட்டுக்குட்டி, பாலத்தில் தொங்குகிற பஸ், இடிந்த வீட்டுக்குள் அகப்பட்ட குடும்பம் என்று ஒவ்வொரு நாளும் யாருக்காவது ஆபத்து வரும். ஆனால் ஆபத்து வந்தவுடன் அவர்கள் எழும்ப மாட்டார்கள். அகப்பட்டவர்கள் இரண்டு கையையும் வாயருகே குவித்து, "நாங்கள் இங்கே இருக்கிறோம்!" என்று கத்த வேண்டும். கத்தினால்தான் மலையின் உச்சியில் இருக்கிற பெரிய காது திரும்பும். மெல்லமாகச் சொன்னால் திரும்பாது. மித்ராவும் படுத்தபடியே கூடச் சேர்ந்து கத்துவாள். பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பாரோ என்று நான் எழும்பிப் போய் சன்னலைச் சாத்துவேன். "சன்னல மூடுனா அவங்களுக்குக் கேக்காது ஆச்சி" என்பாள். கேட்காமல் இருக்கட்டும் என்றுதான் மூடுகிறேன் என்று அந்தப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது?

ஒரு நாள் பள்ளி வேனில் இருந்து அவளை இறக்கி லிஃப்டில் ஏறினோம். இரண்டாம் மாடி தாண்டியதும் கரண்ட் போய்விட்டது. ஒரு குலுக்கலோடு நின்றது, விளக்கும் அணைந்தது. மணி அடிக்கிற பொத்தானை அழுத்தினேன், அதுவும் செத்துப்போயிருந்தது. போனை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். மித்ரா பயப்படவே இல்லை. இதற்காகவே இவ்வளவு நாளும் காத்திருந்தவள் மாதிரி புத்தகப் பையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் குவித்து, "நாங்கள் இங்கே இருக்கிறோம்!" என்று கத்தினாள். அந்த இரும்புப் பெட்டிக்குள் சத்தம் முட்டித் திரும்பி வந்தது. அப்போது படிக்கட்டில் காலடி கேட்டது. செருப்புச் சத்தமில்லை. கனமான பூட்ஸ், ஒவ்வொரு படியாக மேலே ஏறி வருகிறது. அடுத்த தடவை கத்தப் பிள்ளை மூச்சை இழுத்தாள். என் கை போய் அவள் வாயைப் பொத்தியது.

நான் யோசித்துச் செய்யவில்லை. கைக்கு அது தெரியும். எங்கள் வளவில் மாமரத்துக்குப் பின்னால் ஒரு பங்கர் வெட்டியிருந்தோம். பனங்குற்றி அடுக்கி, மேலே மண்மூட்டை வைத்து, நாலு பேர் குந்தியிருக்க இடம் காணும். ஒரு நாள் குண்டு போடுகிற பொம்மர் போன பிறகு வெளியே வரலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கையில் தலைக்கு மேலே சப்பாத்துக் கால்கள் நடந்தன, இதே மாதிரிக் கனமான பூட்ஸ். குற்றிகளுக்கு இடையிலிருந்து மண் உதிர்ந்து மடியில் கிடந்த மகளின் முகத்தில் விழுந்தது. "யாராவது இருந்தால் வெளியே வாருங்கள். பயப்படாதீர்கள்" என்று ஒரு குரல் கூப்பிட்டது, தமிழில்தான். மகள் சிணுங்கத் தொடங்கினாள். நான் வாயைப் பொத்தினேன். அடுத்த வளவில் இருந்த வாத்தியார், "ஓம், இருக்கிறம்" என்று பதில் சொல்லி எழும்பிப் போனார். நல்ல மனிதர், கூப்பிட்டால் பதில் சொல்லுகிற மனிதர். அவர் திரும்பி வரவில்லை. எவ்வளவு நேரம் பொத்தியிருந்தேனோ தெரியாது, எடுத்தபோது மகளின் உதடு நீலமாக இருந்தது. பிறகு மூச்சு விட்டாள். அவளுக்கு இது எதுவும் ஞாபகமில்லை. பாரிஸிலிருந்து போனில் அவள் பெலத்துச் சிரிக்கிறபோதெல்லாம் நான் அந்த உதட்டை நினைப்பேன்.

லிஃப்டுக்கு வெளியே வந்த பூட்ஸ் எங்கள் வாட்ச்மேன் பெருமாளுடையது. கரண்ட் போனால் ஒவ்வொரு மாடியிலும் லிஃப்ட் கதவைத் தடியால் தட்டி, உள்ளே ஆள் இருக்கிறதா என்று கேட்பது அவர் வழக்கம். இருந்தால் மொட்டை மாடி அறையில் இருக்கிற சாவியைப் போட்டு லிஃப்டைக் கையால் சுற்றி இறக்குவார். அன்றைக்கும் தட்டினார். "உள்ள யாருனா கீறீங்களா?" என்று கூப்பிட்டார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை கூப்பிட்டார். அது பெருமாளின் குரல் என்று என் காதுக்குத் தெரியும். தினமும் கேட்கிற குரல். கைக்குத்தான் தெரியவில்லை. பிள்ளை என் உள்ளங்கையைக் கடித்தாள். நான் எடுக்கவில்லை. பூட்ஸ் கீழே இறங்கிப் போனது. அது போன பிறகுதான் என் கை தானாகக் கழன்றது. மித்ரா அதற்குப் பிறகு கத்தவில்லை. மூலையில் ஒட்டிக்கொண்டு இருட்டில் என்னையே பார்த்தபடி இருந்தாள்.

கரண்ட் வந்து லிஃப்ட் கீழே இறங்கிக் கதவு திறந்ததும் ஓடிப்போய் பெருமாளின் காலைக் கட்டிக்கொண்டாள். அவருக்குக் கோபம். "இன்னா ஆச்சி இது? ரெண்டு தபா கூவினேனே, காதுல வுழலியா? ஒரு சவுண்டு குட்த்திருந்தா அப்பவே சாவி போட்டு எறக்கியிருப்பேன். கொயந்தைய வச்சிகினு உள்ள கம்முனு குந்திகினு கீறீங்களே!" என்றார். பிள்ளையின் கன்னத்தில் என் நகம் பட்ட கோடு சிவந்து கிடந்தது. நான் லிஃப்டுக்குள் கிடந்த அவள் புத்தகப் பையை எடுத்தேன்.

சாயந்தரம் சரண்யா மேலே வந்தாள். கம்பெனி அடையாள அட்டையைக்கூடக் கழுத்திலிருந்து கழற்றவில்லை.

"ஆச்சி, மித்து சொல்றது நெஜமா? வாட்ச்மேன் கூப்பிட்டப்போ அவ வாய மூடிட்டீங்களாமே?"

"ஓம் பிள்ளை."

"ஏன் ஆச்சி?"

"பயந்துபோனன்."

"பயந்தா கத்தணும்ல ஆச்சி? நீங்க கத்தலைன்னாலும் பரவால்ல, கத்துற குழந்தைய எதுக்கு..." படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள். "சரி விடுங்க. நீங்க ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அவள் சொன்னதில் பிழையில்லை. இந்த ஊரில் பயம் வந்தால் கத்துவார்கள். பாம்பைக் கண்டால் தெருவே கூடும்படி கத்துவார்கள். மழைக்காலத்தில் ஏரித் தண்ணீர் தெருவுக்குள் வந்தபோது ஒவ்வொரு மாடியிலிருந்தும் ஒவ்வொரு குரல் கேட்டது, ஒவ்வொரு குரலுக்கும் கீழே யாராவது பதில் சொன்னார்கள். கத்தினால் ஆள் வரும், வருகிற ஆள் நல்லதுக்குத்தான் வரும் என்று பிறந்ததிலிருந்தே தெரிந்தவர்கள் இவர்கள். எங்களுக்குப் பயம் என்றால் சத்தம் காட்டாமல் இருப்பது. அந்த ரோபோத் தொடரை எழுதியவர்களும் இந்த ஊர் மாதிரி ஒரு ஊரில்தான் பிறந்திருக்க வேண்டும்.

அடுத்த நாளிலிருந்து மித்ரா வரவில்லை. கீழ்க்கட்டளையில் ஒரு டே கேரில் சேர்த்துவிட்டதாகப் பெருமாள் சொன்னார். மகளிடம் போனில் சொன்னேன். "அம்மா, அவையளுக்குப் பங்கர்க் கதையைச் சொல்லுங்கோவன், விளங்கும்" என்றாள். விளங்கும்தான். ஆனால் எங்கிருந்து தொடங்குவது? வீட்டுக்காரர் மாறினால் வள்ளத்தில் ஏறியதிலிருந்து சொல்ல வேண்டும். ஸ்டேஷனில் புது ஆள் வந்தால் ஊர்ப் பெயரிலிருந்து சொல்ல வேண்டும். சொல்லிச் சொல்லி எனக்குக் களைத்துவிட்டது. கேட்கிறவர்கள் முகத்தில் வருகிற இரக்கத்தைப் பார்த்தும் களைத்துவிட்டது. மத்தியானத்தில் வீடு சத்தமில்லாமல் கிடந்தது. ஒருத்திக்கு மட்டும் சோறு வடிக்கிறபோது அளவு பிடிபடாமல் மிஞ்சியது. லிஃப்டில் ஏறுவதை விட்டுவிட்டேன். முழங்கால் வலித்தாலும் படியில்தான் ஏறி இறங்கினேன். வழியில் சரண்யாவைக் கண்டால் இரண்டு பேரும் சிரிப்போம், அதோடு சரி.

பிறகு ஒரு காலை நேரம் கதவு தட்டியது. சரண்யா பிள்ளையோடு நின்றாள். "ஸ்கூலும் டே கேரும் இன்னைக்கு லீவு ஆச்சி. எனக்கு வேற வழி தெரியல. இன்னைக்கு ஒரு நாள் மட்டும் பாத்துக்குறீங்களா?" என்றாள். 'மட்டும்' என்று சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. மித்ரா அவள் சேலைத் தலைப்புக்குப் பின்னால் நின்றாள். "அம்மா பஸ்ஸு போயிடும், உள்ள போடா" என்று தள்ளிவிட்டுப் போனாள்.

பிள்ளை வாசலிலேயே நின்றாள். நானும் கிட்டப் போகவில்லை.

"ஏன் என் வாய மூடுனீங்க?" என்றாள்.

பெரியவர்களுக்குச் சொல்ல முடியாததை அவளுக்குச் சொல்ல முடிந்தது. "எங்கட ஊரில கூப்பிட்டா ரோபோ வராது பிள்ளை."

"வேற யாரு வருவாங்க?"

"சப்பாத்து போட்ட ஆட்கள்."

"அவங்க கெட்டவங்களா?"

"தெரியாது. நான் கூப்பிட்டுப் பாக்கேல்லை."

அவள் செருப்பைக் கழற்றி வாசலில் வைத்தாள். ரோபோக்களுக்கு இப்படி ஒரு சிக்கல் எந்த நாளும் வந்ததில்லை போலும். பிறகு உள்ளே வந்து, "சரி. நீங்க கத்த வேணாம், நான் கத்துறேன். ஆனா லிஃப்ட்ல உங்க ரெண்டு கையையும் என்கிட்ட குடுத்துடணும்" என்றாள். "ஓம்" என்றேன். "ஓம் இல்ல, ப்ராமிஸ்" என்றாள்.

அன்று சாயந்தரம் சரண்யா வந்து வாசலில் நின்றபடியே அவளிடம் கேட்டாள், "நாளைக்கு டே கேரா, ஆச்சியா?" நான் அடுப்படியில் ஏதோ கழுவுகிற மாதிரி நின்றேன், குழாயைத் திறக்க மறந்துவிட்டேன். "ஆச்சிதான். கை புடிச்சுப்பேன்னு சொல்லிட்டேன்" என்றாள் பிள்ளை. சரண்யாவுக்கு அது விளங்கியிருக்காது. என்னைப் பார்த்தாள். நான் குழாயைத் திறந்தேன். "சரி ஆச்சி, வேன் அதே டைம்தான்" என்றாள்.

இப்போது திரும்பவும் லிஃப்டில் போகிறோம். கதவு மூடியதும் மித்ரா என் இரண்டு கையையும் பிடித்துத் தன் வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொள்வாள். கரண்ட் போகாவிட்டாலும் பழக்கத்துக்கு ஒரு தடவை கத்திப் பார்ப்பாள். கீழேயிருந்து பெருமாள், "தெரிது தெரிது, கூவாத! காது போவுது" என்பார். அவள் சிரிப்பாள். இந்த ஊரில் ஒருவர் கூப்பிடுகிறார், இன்னொருவர் பதில் சொல்லுகிறார், இவ்வளவுதான் நடக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரிகிறது. ஆனாலும் அவள் மூச்சை இழுக்கிற அந்தக் கணத்தில் என் வலது கை மேலே எழும்பப் பார்க்கிறது. அது அவளுக்கும் தெரிகிறது. இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கத்துகிறாள்.